நாற்பத்தொன்றாம் எண் மூட்டை

இந்தக் கதை தொடங்கிய நேரத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்: 1965ஆம் ஆண்டு ஜூன் 21, திங்கட்கிழமை, காலை ஏழே கால். ஆனால் நினைவுக்கு வந்தது இன்று பிற்பகல்தான். கல்லூரி நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் கோணியில் தைத்த கட்டாக வந்திறங்கின. பணியாளர் தையலைப் பிரித்ததும் மழையில் நனைந்த சணலின் வாடை எழுந்தது. மற்ற மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ என் அப்பாவின், எங்கள் பேச்சில் அத்தாவின், மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வந்தது. சணலுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பது நியாயமே. மலையாளக் கரையிலுள்ள மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் அவற்றுக்குத் தொடர்பு இருந்திருக்காது.

கீழே சுக்குக் கிட்டங்கி, மேலே வீடு. அத்தா சுக்கு ஏற்றுமதி செய்பவர். அவ்வளவு பெரிய கிட்டங்கி இருந்தும் அவருடைய வண்டி தெருவில்தான் நின்றது. சுக்கு எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் வாடையடிக்கும் சுக்கை எந்த நாட்டுக்காரனும் வாங்கமாட்டான். ஆகவே சுக்கு உள்ளே, வண்டி வெளியே.

வெளியே நின்ற வண்டி மெல்ல மெல்லத் தேய்ந்தது. முதல் மாதம் பக்கக் கண்ணாடி போயிற்று. அடுத்து ஹாரனின் ரப்பர் குமிழ். பிறகு பெட்ரோல் டேங்கின் மூடி. திருடர்கள் முந்துவதற்குள் நாமே கழற்றிவிடுவது என்று அத்தா முடிவெடுத்தார். தினமும் மாலையில் வண்டியின் உறுப்புகள் மாடிக்கு ஏறின. புது மூடி சமையலறை அலமாரியில் குடிபுகுந்தது. "என்னங்க, ரசத்துல பெட்ரோல் வாட அடிக்கிது" என்று அம்மா சொன்னபோது, "சுக்குல அடிக்கலியே" என்று அத்தா ஆறுதலடைந்தார். ஸ்பார்க் பிளக் என் பொறுப்பு. காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மறக்காது என்று ஜியாமெட்ரி பெட்டியில் வைத்தேன். கணக்கு டீச்சர் ஒருநாள் அதை எடுத்துப் பார்த்தார்.

"இது எந்தா மோளே?"

"அத்தாவோட வண்டி, டீச்சர்."

"முழு வண்டியும் இதிலயா?"

வகுப்பு சிரித்தது. அன்று அத்தா தெருவில் நாற்பது முறை வண்டியை உதைத்துவிட்டுக் கடைசியில் நடந்தே போயிருக்கிறார்.

இதன் பிறகுதான் கோணி வந்தது. சுக்கு மூட்டையைத் தைக்கும் அதே கோணி ஊசியால், அதே சணல் நூலால், மாலை தோறும் வண்டியைத் தலை முதல் சக்கரம் வரை மூடித் தைத்தார் அத்தா. எதிரே சாயாக்கடை வைத்திருந்த பெரியவர் காக்கா, அதைப் பிணத்துக்குப் போர்த்திய துணியாக்கிக் கேலி பேசினார். "மையத்துக்குக் கபன் இட்டாச்சா, ராவுத்தரே? எப்போ எடுக்கும்?" அத்தா அச்சு வெட்டிய தகரத்தைக் கோணியின் மேல் வைத்து எங்கள் மார்க்கைப் பூசினார்: வட்டத்துக்குள் ஒரு மீன். மட்டாஞ்சேரியில் ஒருவர் மார்க் போட்ட சரக்கை இன்னொருவர் தொடமாட்டார். தொட்டால் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். மார்க் விழுந்த நாளிலிருந்து ஒரு திருகாணிகூடக் காணாமல் போகவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து, காயலுக்கு அக்கரையில் படகிலோ பாலம் சுற்றியோ போக வேண்டிய எர்ணாகுளத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தபோது மாமு, அதாவது அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொம்பளப் புள்ளய தெனமும் போட்டுல தனியா அனுப்புவீங்களோ?"

"போட்டு எதுக்கு மச்சான்? என் வண்டி இருக்குல்ல. நானே கொண்டு விட்டு, நானே கூட்டியாறேன்."

மாமு தாடியைத் தடவினார். "சரி. வண்டி உள்ள வரைக்கும் படிக்கட்டும்."

அம்மாவும் தலையசைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் இலக்கியப் படிப்பு இரண்டு சக்கரங்களின் மேல் நிற்கிறது என்பது அப்போது தெளிவாகப் புரிந்தது. அன்று முதல் வண்டியைத் தைப்பதும் மார்க் போடுவதும் நான்தான். அத்தாவின் தையல் கோணலாக ஓடும். என்னுடையது அச்சடித்தாற்போல் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சான்றிதழ்களோடு கல்லூரியில் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை வழக்கத்தைவிட நெருக்கமாகத் தைத்து மார்க்கைப் பூசினேன். பிறகு கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்தேன். மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மார்க்கின் கீழ் ஒரு எண், ஒன்று முதல் நாற்பது வரை. வண்டியின் எண்ணில்லாத மார்க், முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தைப் போல என்னை உறுத்தியது. மையைத் தொட்டு, மீனுக்குக் கீழே அழகாக 41 என்று எழுதினேன். இன்னும் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு உறங்கப் போனேன்.

காலை ஏழே காலுக்குச் சான்றிதழ் உறையோடு இறங்கி வந்தோம். வண்டி நின்ற இடத்தில் மழைநீர் தேங்கி நின்றது.

"மையத்து எடுத்தல்லோ, ராவுத்தரே!" என்று கூவினார் காக்கா. "நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கிட்டுப் போச்சு."

கிட்டங்கியின் பின்பக்கத் துறையில் சுமட்டுக்காரர்களின் தலைவரான ஔசேப்பு மூப்பன் பீடி குடித்துக்கொண்டிருந்தார். வள்ளம் சரக்கோடு அப்போதே துறைமுகம் இருக்கும் வெலிங்டன் தீவை நோக்கிப் போயிருந்தது.

"என் வண்டிய ஏத்துனியா மூப்பா?"

"ஏத்தி, மொதலாளி."

"அது வண்டின்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். எத்தன மாசமா பாக்குறேன்! மார்க் மட்டும் இருந்நப்போ தொட்டதில்ல. இன்னிக்கு நம்பர் இருந்நு. நம்பர் இட்டா கப்பலுக்கு. மொதலாளி வண்டிய வெளிநாட்டுக்கு வித்துன்னு நெனச்சு." பிறகு பெருமையோடு சொன்னார்: "நல்ல பாக்கிங்."

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தேன்.

பயணிகள் படகில் தீவுக்குப் போனோம். துறைமுகக் கொட்டகையில் நாற்பது மூட்டைகளுக்குப் பக்கத்தில் எங்கள் வண்டி சாய்ந்து நின்றது. பட்டியல் வைத்திருந்த குமாஸ்தா அதைத் தொட விடவில்லை.

"லிஸ்டில் நாற்பதே உள்ளு. நாற்பத்தொன்னு இல்ல."

"இந்தா நிக்கிதே!"

"நிக்குது. பக்ஷே இல்ல. இல்லாத சாதனத்த எங்ஙன வெளியே விடும்?"

"அப்ப கப்பல்ல ஏத்துவியளா?"

"நம்பர் உண்டல்லோ. கப்பல்காரங்க ஏத்துனா ஏத்தும்."

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பதினொரு மணிக்குத்தான் வருவார். சரக்கேற்றம் பத்து மணிக்குத் தொடங்கும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. எர்ணாகுளம் படகு ஒன்பதே காலுக்கு. அத்தா என்னோடு வந்தால் வண்டி கடல் கடக்கும். வண்டி போனால் மாமுவின் வாக்குப்படி படிப்பும் போகும். வண்டியோடு நின்றால் கல்லூரி இடம் இன்றே போகும். மீன்மார்க் போட்ட மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அத்தா என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வையா மழையா என்று தெரியவில்லை.

"நீ போ புள்ளே" என்றார் கடைசியில். "நம்பர் போடத் தெரிஞ்ச கைக்கு ஃபாரம் எழுதவா தெரியாது?"

நான் ஓடினேன். அதற்கு முன் தெருவில் ஓடியதாக எனக்கு நினைவில்லை. பத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் உறையை நீட்டினேன். "கூட ஆரு?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அதிகாரி வந்து கையெழுத்துப் போடும்வரை மூட்டையைப் பிடித்த கையை எடுக்காமல் நின்று, மாலையில் அத்தா வண்டியோடு வந்து சேர்ந்தார். கையெழுத்தான பிறகு ஒரு சாயா குடிக்கப் போன நேரத்தில் கொட்டகையில் யாரோ தையலைப் பிரித்து, புதிதாக மாட்டிய ஹாரன் ரப்பரைக் கொண்டுபோயிருந்தார்கள். செய்தி கேட்டு மாமு வந்துவிட்டார்.

"புள்ள போட்டுல தனியா போனாளாமே?"

"வண்டிதானே அண்ணே கூட்டிக்கிட்டுப் போச்சு" என்றாள் அம்மா. "வண்டி தீவுக்குப் போகாட்டி இவ ஏன் போட்டுல ஏறப் போறா?"

மாமு இரண்டு தம்ளர் சாயா குடித்துவிட்டு எழுந்தார்.

இப்போது அந்த வண்டி இல்லை; சென்ற ஆண்டு தோப்பும்படிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். ஔசேப்பு மூப்பன் வேலையை விட்டுவிட்டார். காக்காவின் சாயாக்கடை இருந்த இடத்தில் துணிக்கடை. வண்டி உள்ள வரைக்கும் என்ற அந்த நிபந்தனையை எங்கள் வீட்டில் யாரும் திரும்பப் பெறவில்லை. அது எப்போது மறைந்தது என்றும் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். நான் கல்லூரியில் சேர்ந்த மறுநாள் காலை அத்தா வண்டியைத் துடைத்து, பின்னிருக்கையில் எனக்காக ஒரு துண்டை மடித்துப் போட்டுக் காத்திருந்தார். "எட்டு மணிப் படகுக்கு நேரமாச்சு அத்தா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன்.