பஞ்சாபகேசய்யர் கடைசியாகப் போய்ப் பார்த்த ஆள்

பஞ்சாபகேசய்யர் காலமான செய்தி எனக்கு முறையாக வந்து சேரவில்லை. முதலில் அவர் வந்தார். செய்தி அதற்குப் பிறகு வந்தது. இதை அச்சில் போடலாமா என்று வெகுவாகத் தயங்கினேன். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவரை அறிந்த உங்களிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மழுப்பினால் அவருக்குக் கோபம் வரும். அவர் கோபத்துக்கு முன்பெல்லாம் நான் பயப்பட்டதில்லை. இப்போது பயப்படுகிறேன்.

அன்று விடாத ஆடி மழை. கல்கத்தாவின் பவானிபூரில் நம் மாணவர் உதவி நிதிக்காக வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில், பிற்பகலில், நான் தனியாக உட்கார்ந்து மனுக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் கதவுக்கு உள்ளே நின்றார். கையில் குடை இல்லை. அந்த மாடிப்படி மரப்படி; பூனை ஏறினாலும் முனகும். அன்று அது முனகியதாக எனக்கு நினைவில்லை. பெஹாலாவில் மகள் வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்த மனிதர் எழுந்து வந்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"காய்ச்சல் விட்டுதா ஓய்?" என்றேன்.

"விட்டாச்சு" என்றார். "அந்தக் கிடர்பூர் மனு இருக்கே, ஆளைப் பார்த்துட்டேன். பையன் எழுதினதுதான் சரி. அவர் காலமானவர்தான்."

"யாரைப் பார்த்தீர்?"

"அவரைத்தான். அந்த அம்மாகிட்ட நீரே போய்ச் சொல்லும். வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கச் சொன்னார்."

காலமானவரை எங்கே ஓய் பார்த்தீர் என்று கேட்க வாயெடுத்தேன். காற்றில் ஒரு காகிதம் பறந்தது. அதைப் பிடித்து அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள் ஆள் இல்லை. கீழே இறங்கி, வாசலைக் காக்கும் தர்வானைக் கேட்டேன். "கோயி நஹி ஆயா, பாபு" என்று சாதித்தான். யாருமே வரவில்லையாம். தூங்குமூஞ்சி என்று அவனைத் திட்டிவிட்டு மேலே வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவருடைய மாப்பிள்ளை சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். "மாமா காலம்பறவே போயிட்டார். எல்லாம் ஆச்சு. காளிகாட் மயானத்துலேருந்து நேரா வரேன்" என்றார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பஞ்சாபகேசய்யர் என்னோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உடம்பு எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்ட முடியாதவர்களுக்காக ஏற்பட்டது நம் நிதி. நான் காரியதரிசி. மனுவில் ஒரு விவரமும் வேறு காகிதத்தில் அதற்கு நேர்மாறான விவரமும் இருந்தால், அந்த மனு பஞ்சாபகேசய்யரிடம் போகும். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சந்து சந்தாக அலைவார். எனக்குக் காகிதத்தில்தான் நம்பிக்கை. இரண்டு காகிதம் முரண்பட்டால் மூன்றாவது காகிதம் கேட்பேன். "ரெண்டு காகிதம் அடிச்சுண்டா மூணாவதும் அதோட சேர்ந்து அடிச்சுக்கும் ஓய். ஆளைப் போய்ப் பாரும்" என்பார் அவர்.

ஒருமுறை ஒரு பையனுக்குக் காலேஜ் ரிஜிஸ்தரில் ஓர் அப்பா, மனுவில் வேறோர் அப்பா. மோசடி என்று கமிட்டியில் குதித்தோம். அதிகம் குதித்தவன் நான். பஞ்சாபகேசய்யர் பாலிகஞ்சில் இருந்த அந்த வீட்டுக்குப் போனார். பையன் பெரியப்பாவுக்குச் சுவீகாரம் போனவன். பெற்றவர் "நான்தான் கொடுத்துட்டேனே" என்று கையை விரித்தார். எடுத்துக்கொண்டவர் "பெத்தவன் இல்லையோ கட்டணும்" என்றார். இரண்டு அப்பா இருந்தும் பையனுக்குச் சம்பளம் கட்ட ஓர் அப்பா இல்லை. "கொள்ளி போடப் பிள்ளை வேணும், காலேஜ் போகப் பிள்ளை வேண்டாமா?" என்று பெரியப்பாவைப் பஞ்சாபகேசய்யர் ஒரு கேள்வி கேட்டாராம். மறுநாளே பணம் கட்டியாகிவிட்டது. நம் நிதிக்குச் செலவே இல்லை.

கிடர்பூர் மனு அப்படிச் சுலபத்தில் தீரவில்லை. காலேஜில் எஃப்.ஏ. வகுப்பில் படிக்கும் வைத்தியநாதன் என்ற பையனின் மனு அது. தகப்பனார் காலஞ்சென்றவர் என்று எழுதியிருந்தான். அவனுடைய தாயார் கொடுத்த வாக்குமூலத்திலோ, கணவர் ரங்கூனில் இருக்கிறார் என்று இருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நிதி முழுச் சம்பளமும் கட்டும். தகப்பன் இருந்தால் அவருடைய வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது. அந்த மாதம் பணம் கட்டாவிட்டால் பையனின் பெயரைக் காலேஜில் அடித்துவிடுவார்கள்.

பஞ்சாபகேசய்யர் இரண்டு பக்கமும் விசாரித்தார். அந்த மனிதர் கல்கத்தாவில் கப்பல் ஏறியது நிஜம், ஏற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். ரங்கூனில் அவர் இறங்கவில்லை, காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் கடல்தான் இருக்கிறது. உடல் கிடைக்காததால் காரியம் எதுவும் நடக்கவில்லை. அந்த அம்மாள் குங்குமமும் திருமாங்கல்யமுமாகவே இருந்தாள். பையன் எழுதியது உண்மை என்று நாம் தீர்மானித்தால் அந்தத் திருமாங்கல்யம் இறங்க வேண்டும். அம்மாள் சொன்னது உண்மை என்றால் பையன் படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதப் போக வேண்டும். இதுதான் அவர் தலையில் விழுந்த பாரம்.

அந்த வீட்டுக்குப் போய்வந்ததை அவர் என்னிடம் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "வாசலுக்கு முதுகைக் காட்டிண்டு உட்கார்ந்தேன் ஓய். அந்த அம்மா என்னோட பேசினாளே தவிர, பார்வையெல்லாம் என் தோளுக்குப் பின்னாலேயே இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. ஆனா ஒண்ணு, கொஞ்சம் வழி விட்டு நகர்ந்து உட்கார்ந்துட்டேன்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் எத்தனை முறை கேட்டாலும், "ஆளைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்போ நீரே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுமேன்" என்று கேலி செய்தேன். அவர் அதையும் ஒரு கமிட்டித் தீர்மானம் மாதிரி தலையாட்டி ஏற்றுக்கொண்டார். "சரி, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தார். நாக்கில் சனி என்பார்களே, அது என் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

அவர் வந்துபோனதைக் கமிட்டியில் சொன்னேன். ஒருவர் எனக்கு இஞ்சிக் கஷாயம் சாப்பிடச் சொன்னார். வக்கீலான தலைவர், "போனவர் கொண்டு வந்த சாட்சியத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் போய்விட்டார் என்று முடிவு கட்டுவதா?" என்றார். நியாயமான கேள்விதான். நானே அந்த நாற்காலியில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். மனுவைத் தள்ளிவிடுவது என்று பேச்சு போனது. எனக்கு அந்தக் காகிதங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "நான் ஆளைப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தேன். காரியதரிசியாக வந்த நாளிலிருந்து நான் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

கிடர்பூரில் டிராம் விட்டு இறங்கியபோது மழை சற்று விட்டிருந்தது. கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சந்துக்குள் போனேன். ஒரே அறையும் சமையலறையுமான வீடு. வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வந்து தேங்கியிருந்தும் அதை யாரும் சாத்தவில்லை. தண்ணீரில் ஒரு மணை போட்டிருந்தது. வைத்தியநாதன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் முகத்தில் ஆசையும் பயமும் சேர்ந்து இருந்தன.

"வாங்கோ அண்ணா" என்று அந்த அம்மாள் சமையலறை நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். பஞ்சாபகேசய்யர் சொன்னது போலவே அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

பஞ்சாபகேசய்யர் போய்விட்டதைச் சொன்னேன். அவர் வந்ததையும் சொன்னேன். "வாசக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கச் சொன்னாராம், அம்மா" என்றேன்.

பையன்தான் பேசினான். "அப்பா போனதுலேருந்து அம்மா இந்தக் கதவைச் சாத்தினதே இல்லை, மாமா. அவர் வந்து தட்டிட்டுத் திரும்பிடுவாரோன்னு பயம்."

பஞ்சாபகேசய்யர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போனவர், கதவைக் கவனித்திருக்கலாம். இப்படி ஒரு சமாதானம் அப்போதே எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் என்னிடம் வந்து சொன்னது யார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

"அவர் நனைஞ்சிருந்தாரான்னு கேட்டேளா?" என்றாள் அந்த அம்மாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. கடலில் போன மனிதர் இன்னும் ஈரத்தோடு இருக்கிறாரா என்று கேட்கிறாள். அதை நான் கேட்கவில்லையே, எனக்கு அந்த அறிவு ஏது என்று தவித்தேன். அந்தத் தவிப்பில்தான் அதுவரை தோன்றாத ஒன்று தோன்றியது. வானம் பொத்துக்கொண்டு கொட்டிய பிற்பகல். குடை இல்லாமல் வந்தவர். என் முன்னால் நின்ற பஞ்சாபகேசய்யரின் அங்கவஸ்திரம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவர் நின்ற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அவரைக் கேட்கலை, அம்மா" என்றேன். "ஆனா அங்கேருந்து வந்தவரை நான் பார்த்தேன். கொட்டற மழையில வந்தார். பொட்டு ஈரம் இல்லை. அங்கே போனவா யாரும் நனையறதில்லை."

என் வாழ்நாளில் நான் நேரில் பார்த்துச் சொன்ன ஒரே சாட்சியம் அது.

அவள் என்னைக் கடந்து வாசலுக்குப் போனாள். கதவு தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. தோள் கொடுத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து அசைய மறுத்தது. பையன் உதவிக்குப் போனான். "நீ இரு" என்றாள். அம்மிக் குழவியை எடுத்து வந்து அடித்தாள். மூன்றாம் அடியோ நான்காம் அடியோ, தாழ்ப்பாள் இறங்கிற்று. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளத்து மாஷிமா "கீ ஹோலோ, பௌமா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கூவினாள். என்ன ஆச்சு மருமகளே என்று கேட்கிறாள். இவள் கதவிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

"எழுதிக்கோங்கோ அண்ணா. குழந்தை எழுதினபடியே இருக்கட்டும்" என்றாள்.

தர்ப்பையில் உருவம் செய்து காரியம் நடந்தது. காலேஜில் வைத்தியநாதன் பெயரை அடிக்கவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்து சந்தாக அலைகிறேன். பஞ்சாபகேசய்யரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த அலைச்சல்தான். தீராத முரண்பாடு ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் காலையிலேயே போய்விட்டதாக மாப்பிள்ளை சொல்கிறார். பிற்பகலில் வந்து சாட்சியம் சொன்னதாக நிதியின் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவருடைய முறைப்படி ஆளைப் போய்ப் பார்த்துத்தான் இதைத் தீர்க்க வேண்டும். பார்ப்பேன், அவசரமில்லை. ஆனால் அவரைப் போலத் திரும்பி வந்து சொல்வேன் என்று மட்டும் யாரும் மாடிப்படியில் காது வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள்.