இருபத்து நான்கு வீட்டிலும் முட்டை

நடராசா சேர் இறந்துபோன செய்தியை என் பேத்தி சரோஜாதான் கொண்டுவந்தாள். வேலை நாளில், கையில் ஒரு பைகூட இல்லாமல், லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றாள். "சேர் போயிட்டாரு, அம்மாயி" என்றாள்.

அவரிடம் பொருளாதாரம் படித்த பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து நினைவுமலர் போடுகிறீர்களாம். நானும் எழுத வேண்டுமென்றாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒரு சங்கதியை முழுதாகச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

எழுபதுகளில், அரிசியும் மாவும் கிடைக்காத காலம் அது. சரோஜா பட்டம் முடித்து, பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை. எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. முதல் ஆய்வுக் கட்டுரையைப் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் கூட்டத்தில் வாசித்து, அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் வேலை நிலைக்கும். தோட்டத்துக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்பதுதான் கட்டுரை. கட்டுரைக்கு வழிகாட்டிய சேர் அவளை எங்கள் லயங்களுக்கே அனுப்பினார்.

அவள் வருமுன் அவளுடைய கடிதம் வந்தது. அது அவளுக்கு ஏதோ பரீட்சை, நாங்கள் நல்ல பதில் சொன்னால்தான் அவளுக்கு நல்ல மார்க் என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு லயத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு புள்ள கேக்கும். சோறு, பருப்பு, முட்டைன்னு சொல்லுங்க. நம்மளக் கேவலமா எழுதிரக் கூடாது."

"முட்டையா? அதக் கண்ணால பாத்தே மூணு மாசமாச்சே, அக்கா!" என்று பக்கத்து வீட்டு மாரியாயி சிரித்தாள்.

"பேத்திக்காக ஒரு நாளைக்கு வாயால தின்னுடி."

சரோஜா வந்து எல்லா வீட்டிலும் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து, கொட்டுகிற மழையில், சேரே அவளோடு வந்துவிட்டார். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. கங்காணி வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அடுப்படிப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு வேறு மாதிரி.

"அம்மா, இருபத்து நாலு வீட்டிலயும் ஒரே சாப்பாடு. இந்தத் தோட்டத்தில தேயிலை வளர்க்கிறீங்களோ, கோழி வளர்க்கிறீங்களோ?"

மறைக்க முடியவில்லை. "நாந்தாங்க சொல்லச் சொன்னேன். புள்ளைக்கு மார்க் கொறஞ்சிருமேன்னு."

"அம்மாயி! கூட்டத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. என் வேலையே போகப் போவுது" என்று சரோஜா அழுதாள்.

சேர் அவளைக் கையமர்த்தினார். "பசியைப் பேத்தியிட்டச் சொல்ல ஆருக்கு மனம் வரும்? அனுப்பினது என்ர பிழை. இப்ப நான் கேக்கிறன், அம்மா. நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

நான் சரோஜாவைப் பார்க்காமல் சொன்னேன். "காலையில வெறும் சாயத் தேத்தண்ணி. மத்தியானம் மரவள்ளிக் கெழங்கு. ராவுக்கு ஒண்ணுமில்லீங்க."

சரோஜாவின் பேனா நின்றுவிட்டது. மிச்சமிருக்கிறது என்று சொல்லி மாதாமாதம் நான் அவளுக்கு அரிசி கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன்.

"எழுதும், பிள்ளை. இதைத்தான் எழுத வேணும்" என்றார் சேர்.

அன்றும் மறுநாளும் எல்லா வீட்டுக்கும் அவரே ஏறி இறங்கினார். சரோஜாவைக் கூப்பிடு தூரத்தில் நிற்க வைத்துவிட்டு, கேள்வியை அவர் கேட்டார். மாரியாயிகூட உள்ளதைச் சொன்னாள். வந்த பதிலையெல்லாம் வைத்துச் சரோஜா கண் தூங்காமல் கட்டுரையைத் திருப்பி எழுதினாள்.

கூட்டத்தில் ஒரு பெரிய பேராசிரியர், முதல் பதில்களை ஏன் தள்ளிவிட்டீர்கள் என்று கேட்டாராம். சரோஜா வாய் திறக்குமுன் சேர் எழுந்திருக்கிறார். "ஒரு பிள்ளையை அவளின்ர சொந்த வாசலுக்கே அனுப்பினது என்ர பிழை. கட்டுரையில சரியா இருக்கிறதெல்லாம் அவளுடையது." அத்தனை பேர் முன்னால், தன்னிலும் பெரியவர்கள் முன்னால், அப்படிச் சொன்னார். சரோஜாவுக்கு வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு அவரைச் சிலர் ஏளனமாகப் பேசினார்கள் என்று கேள்வி. என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார். "முதல்ல அம்மாவிட்டக் கேளுங்கோ. அவ முகம் சுளிச்சா அந்தக் கேள்வியை வெட்டுங்கோ." இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் என் அடுப்படியில் தேத்தண்ணி குடித்தவர்கள்தான். உங்கள் கேள்விகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டச் சொன்னவள் நான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சரோஜா வந்து, "சாப்பிட்டீங்களா, அம்மாயி?" என்று கேட்கும்போது "ஆச்சும்மா" என்று இன்னமும் நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு, இல்லையென்றால் இல்லை என்கிறேன். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.