இளஞ்சிவப்புத் தட்டு

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் சமையலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு நீள அறை. அங்கே அவள் சமைப்பது மனிதர்களுக்கு இல்லை, கிருமிகளுக்கு. நோயாளியின் மலத்தில் என்ன கிருமி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதை வளர்க்க வேண்டும். வளர்க்க, வக்கணையாகச் சாப்பாடு போட வேண்டும். பொடியை நிறுத்துத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, ஆளுயரக் குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில் வட்டமான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்ற வேண்டும். குமிழ் வரக்கூடாது. மூடியில் நீர் கோர்க்கக்கூடாது. பன்னிரண்டு வருடத்தில் அவள் ஊற்றிய தட்டு சரியில்லை என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

"கிருமிக்கெல்லாம் வேளாவேளைக்கு சுடச்சுடப் போடுற. எனக்கு மட்டும் ஆறிப்போனது" என்று புருஷன் அலுத்துக்கொள்வான். பேருந்து ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

"அதுங்க தின்னுட்டு உப்பு இல்ல, உறைப்பு இல்லன்னு சொல்றதில்லையே" என்பாள்.

அந்தத் தட்டுகளில் ஒரு வகை மேல் அவளுக்குத் தனிப் பெருமை. அதில் ஒரு சர்க்கரை கலந்திருக்கும். குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி அந்தச் சர்க்கரையைத் தின்று, மறுநாள் காலையில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக முளைத்து நிற்கும். அதே இனத்தில் ரத்தப்போக்கு உண்டாக்கும் பொல்லாதது ஒன்று உண்டு. அது அந்தச் சர்க்கரையைத் தொடாது, வெளிறிப்போய் முளைக்கும். சிவப்பு நல்லது, வெளுப்பு கெட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இந்தப் பாடம் மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

புதுச் சரக்கு காய்ச்சும்போதெல்லாம் அதைச் சோதிக்க ஒரு சாதுக் கிருமி வேண்டும். அவள் சேர்ந்த புதிதில் அவளிடமிருந்தே எடுத்து, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டார்கள். குழாயின் மேல் 'சமையலம்மா' என்றே எழுதியிருக்கும். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அது சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டவில்லை. "எங்க வீட்டுக் கிருமிகூட என்னை மாதிரியே, வாய்தான் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய ஒரே மகளுக்கு ஆறு வயது. சும்மா துறுதுறுவென்று ஓடுவதால் சுண்டெலி என்று பெயராகிவிட்டது. ஒரு திங்கள்கிழமை சுண்டெலிக்கு வயிற்றுப்போக்கு. புதன்கிழமை அதில் ரத்தம். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணிதான் மருந்து. ரத்தம் போறப்ப கிருமி மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. ரிசல்ட் வரட்டும்" என்றார்.

மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அவளே ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே பரிசோதனை செய்கிறவருக்கு மீசைதான் அடையாளம், பெயரும் அதுதான். அவள் ஊற்றிய தட்டிலேயே அவர் தேய்த்து வைத்தார். மறுநாள் காலை வந்ததும் புடவைத் தலைப்பைக்கூடச் செருகாமல் அந்தத் தட்டைத்தான் எடுத்துப் பார்த்தாள். தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. வெளுப்பு ஒன்றுகூட இல்லை.

"அப்பாடா" என்றாள்.

"சமையலம்மா, இது மட்டும் போதாது. விஷம் இருக்கான்னு பாக்க வெளிய அனுப்பியிருக்கேன். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அனுப்புங்க தம்பி, யாரு வேணாம்னா? ஆனா என் தட்டு பொய் சொல்லாது."

வீட்டுக்கு வந்தாள். பிள்ளை சுருண்டு படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. அலமாரியில் புருஷனுக்குப் போன மாதம் கொடுத்த கிருமி மாத்திரை பாதி அட்டை கிடந்தது. டாக்டர் வேண்டாம் என்றது எதற்காக என்று அவளுக்குத் தெரியும். வெளுப்புக் கிருமியாக இருந்தால் மாத்திரை ஆகாது. ஆய்வகத்தில் எத்தனையோ தடவை காதில் விழுந்ததுதான். இங்கேதான் சிவப்பாயிற்றே. டாக்டர் கேட்ட ரிசல்ட் வந்துவிட்டது, தன் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. மாத்திரையைப் பாதியாக உடைத்து, நசுக்கி, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். ராத்திரி இன்னொரு பாதி. மறுநாளும் அப்படியே.

சனிக்கிழமை போக்கு நின்றது. பார்த்தாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் முகம் உப்பி, உதடு வெளுத்து, காலில் பொடிப்பொடியாகச் சிவந்த புள்ளிகள். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது மத்தியானம்தான் உறைத்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சிறுநீரகம் இரண்டும் அடைத்துக்கொண்டன என்றார்கள். ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட்டார்கள். தினம் போகும் அதே மருத்துவமனைதான். ஆனால் அவளுக்கு மேல்மாடிக்கு எந்தப் பக்கம் படி என்றுகூடத் தெரியாமல் போயிற்று.

"மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று வார்டு டாக்டர் கேட்டார்.

புருஷன், "இல்ல டாக்டர்" என்றான். அவனுக்குத் தெரியாதே.

"குடுத்தேன்" என்றாள். "நாலு வேளை."

அவன் அவளைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை அறைந்திருக்கலாம். நாத்தனார் சும்மா இருப்பாளா? "உலகத்துக்கே கிருமி பாத்துச் சொல்றவ, பெத்த பிள்ளைக்குப் பாக்கத் தெரியலையா?" என்றாள். எப்போதும் அவளிடம் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்கு "தெரியலதான் அண்ணி" என்றாள். நாத்தனாருக்கே சப்பென்று ஆகிவிட்டது.

மீசையும் ஆய்வகத்து டாக்டரம்மாவும் மாடிக்கே வந்தார்கள். வெளியே அனுப்பியது வந்துவிட்டது. சிவப்புக் கிருமிதான், ஆனால் விஷம் இருக்கிறது.

"அதெப்படிம்மா? சிவப்புன்னா சாதுதானே?" என்றாள்.

"சாதுவாத்தான் இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "கிருமிக்கும் நோய் வரும், தெரியுமா? அதுக்குள்ள புகுந்துக்கற வைரஸ் உண்டு. அப்படி ஒண்ணு, விஷம் செய்யற செய்முறையையும் கூடவே கொண்டாந்து இதுக்குள்ள சொருகிடுச்சு. இனிமே இது பெருகுறப்பல்லாம் அந்தச் செய்முறையும் சேர்ந்தே போகும். ஆனா சர்க்கரை திங்கற பழக்கம் மாறல. அதனால தட்டுல பழைய கலர்தான்."

"அப்போ என் தட்டு…"

"தட்டுல தப்பே இல்ல. அது சர்க்கரையைத்தான் பாக்கும். மனசு மாறினதை அது பாக்காது."

"மாத்திரையாலதானா இப்படி ஆச்சு?"

"சில மாத்திரைக்கு இந்தக் கிருமி சாகறப்ப விஷத்தைக் கொட்டிட்டுச் சாகும்னு சொல்றாங்க. குடுக்காம இருந்தாலும் சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகுது. உங்களாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் சாமிக்குக் கும்பிடு போட்டிருப்பாள். இரண்டும் இல்லாமல் என்ன செய்வது?

சரி, எங்கிருந்து வந்தது? வீட்டுக் குழாய்த் தண்ணீரை எடுத்தார்கள், பள்ளிக்கூடத்துத் தொட்டியை எடுத்தார்கள், புருஷன், நாத்தனார், அவள், ஒருவர் பாக்கியில்லை. எதிலும் இல்லை. சாதுவாக இருந்தது எந்த வயிற்றில், எந்தச் சாக்கடையில், என்றைக்குப் பொல்லாததாக மாறிற்று என்று சொல்ல ஆளில்லை. சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கலாம். அதுவும் கிடைக்கவில்லை.

இயந்திரத்தில் போட்டு ஒன்பதாம் நாள் மீசை தயங்கித் தயங்கி வந்து நின்றார். "சமையலம்மா, தட்டு தீந்துபோச்சு. பாப்பாவோடதைத் திரும்ப வளர்த்துப் பாக்கச் சொல்லியிருக்காங்க. வேற ஆள் ஊத்தினா குமிழா வருது."

இறங்கிப் போனாள். பொடியை நிறுத்தாள், கரைத்தாள், காய்ச்சினாள். தன் பிள்ளையை இந்தப் பாடு படுத்துகிற கிருமிக்குத் தன் கையாலேயே வக்கணையாகச் சாப்பாடு. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை அது பாட்டுக்கு ஊற்றியது. ஒரு குமிழ் இல்லை.

மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக, அழகாகப் பூத்திருந்தது. அது விஷம் உள்ளதா, விஷமுள்ளது செத்தபின் மிஞ்சிய சாதுவா? பக்கத்தில் 'சமையலம்மா' குழாயிலிருந்து எடுத்துத் தேய்த்த தட்டும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூடியில் எழுதியிருந்ததை மறைத்துவிட்டால் எது எவளுடையது என்று அவளுக்கே தெரியாது.

மாடிக்கு வந்தாள். சுண்டெலி கண்ணைத் திறந்து, "அம்மா, என் பூச்சி என்ன கலரு?" என்றது.

"சிவப்புடி."

"அப்ப நல்லதுதானே? நீதானே சொன்ன."

"சொன்னேன்" என்றாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

நர்ஸ் வந்து குனிந்து, கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். அடியில் ஒரு கரண்டி அளவு இருக்கும். நேற்றும் அவ்வளவுதான். புருஷன் தள்ளி உட்கார்ந்து அவளுக்கும் பெஞ்சில் இடம் விட்டான். அவளும் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.