யானை பார்க்கப் போகும் சட்டை

துறைமுக வீதித் தையல்காரருக்கு முகம் பார்த்துக் கதைக்கும் பழக்கம் இல்லை. உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நம் சட்டைக் கொலரோடுதான் கதைப்பார். ஆபிரிக்காவில் இருக்கும் மகளோடு யானை, சிங்கம் பார்க்கப் போவதற்காக, படையினர் உடுப்பைப் போன்ற பச்சைப் புள்ளித் துணியை அவரிடம் கொடுத்தேன். சட்டையின் மாதிரிப் படம் இருந்த பயண ஆலோசனைத் தாளையும் நீட்டினேன்.

துணியைத் தொடாமல் தாளை முழுக்க வாசித்தார்.

“நீலமும் கறுப்பும் உடுத்தினா கடிக்கிற ஈ வருமாம். மண் நிறம் நல்லதாம். இந்தத் துணி சில நாடுகளில தடையாம். நீங்கள் வாசிக்கேல்லையோ?”

“நான் போற நாட்டில பிரச்சினை இல்லை எண்டு மகள் சொன்னவ.”

“அங்க ஏலும். என்ர மெஷினில தைக்க ஏலாது.”

“ஏன் ஏலாது?”

ஊசிகளை எடுத்துவிட்டு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“இந்த உடுப்பு விடியக்காலமை ஆள் பிடிக்க வாசலில வந்து நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியும். தெரிந்ததை அவர் என்னிடம் கேட்டதுதான் ஆத்திரம். துணியைப் பறித்துக்கொண்டு வந்தேன். கடையில் வாங்கிய மண்நிறச் சட்டையோடு போய் வந்தேன்.

அந்த மனிசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஊரில் வேறு தையல்காரர் இல்லாமலும் இல்லை. துணி அலுமாரியில் அப்படியே கிடக்கிறது.