நீலப் பெட்டியும் படாக் பெட்டியும்

அந்தமானில் நாங்கள் குடித்தனம் வைத்த புதிதில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய சொத்து ஒரு டைப்ரைட்டர். கையில் தூக்கிப் போகிற சின்ன ரகம். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு வங்காளி குமாஸ்தாவிடமிருந்து என் கணவர் எனக்காக வாங்கியது. உண்மையைச் சொன்னால், மெஷினைவிட அதன் பெட்டிதான் எனக்கு முதலில் பிடித்தது. வான நீலத்தில் ரெக்ஸின், வளைந்த ஓரங்கள், பளபளக்கிற இரண்டு கிளிப், கைக்கு அடக்கமான பிடி. அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கத்துப் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் படகுக்கு நின்றால் யாரோ ஆபீசரம்மா என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். நான் தற்காலிக டைப்பிஸ்ட் என்பது பெட்டிக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

என் கணவருக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. அவர் ரோடு காண்டிராக்டில் சூப்பர்வைசர். கல், மண், தார் என்று பழகியவர். விரலால் அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே வெறும் அட்டை என்றார். ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது, அப்புறம் நமத்த அப்பளம்தான் என்றார். அழகாக இருப்பது எதையும் அவர் நம்பமாட்டார். பிறகு என்னை எப்படிக் கட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஆனால் அவர் பயந்ததுபோலவே நடந்தது. ஒரு காலை மெஷினோடு வேலைக்குப் போகையில், அக்கரையில் சாத்தத்தில் படகு முட்டி நின்றதும் நான் தாவி இறங்கினேன். பெட்டியின் பிடி ஒரு பக்கம் கழன்று, கிளிப் திறந்து, மெஷின் பாதி வெளியே வந்து பலகையில் மோதி நின்றது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் கடலுக்குள் போயிருக்கும். இரண்டு எழுத்துக் கம்பிகள் வளைந்துவிட்டன. ஜங்லிகாட்டில் ஸ்டவ்வும் கடிகாரமும் பழுது பார்க்கிறவர் எப்படியோ நிமிர்த்திக் கொடுத்தார். இன்னொரு தடவை வளைந்தால் உடையும், புதுக் கம்பி கப்பலில்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் டைப்பிஸ்ட் வேலையை நிரந்தரமாக்க வேகப் பரீட்சை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. பரீட்சைக்கு வருகிறவர்கள் அவரவர் மெஷினைக் கொண்டுவர வேண்டும். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். இன்னொரு பக்கம், என் கணவரின் காண்டிராக்ட் முடியப் போகிறது என்ற பேச்சு. அது முடிந்து எனக்கும் வேலை இல்லையென்றால் கப்பலேறி ராமநாதபுரம் பக்கத்தில் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டில் புது மருமகளாக ஆறு மாதம் இருந்திருக்கிறேன். பாதி நாள் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கியே போகும்; மறுபடி அங்கே போக நான் தயாராக இல்லை.

அவர் பெட்டி செய்ய உட்கார்ந்தார். எங்கிருந்தோ படாக் பலகைத் துண்டுகள் வாங்கி வந்தார். ரத்தச் சிவப்பு, கல்லைப்போல கனம். கரையான் தொடாது, உப்பு தின்னாது என்று அந்த மரத்தைப் பற்றித் தீவு முழுக்கச் சொல்வார்கள். மரம் நன்றாகக் காயவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. காயும்வரை காத்திருக்க நாளும் இல்லை. அடிப்பலகையில் மெஷினைத் திருகாணி போட்டு முடுக்கினார். அதன்மேல் கவிழ்க்கிற மூடி. மூடி உட்காருவதற்குச் சுற்றிலும் பள்ளம். பள்ளத்தில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். ஈரக் காற்றுகூட உள்ளே போகக் கூடாதாம்.

“இப்ப பக்கா. கப்பலே முங்குனாலும் மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

நாங்கள் முங்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி மூட்டை கணக்காக இருந்தது. பிடி என்று ஒரு கயிறு. என்னால் தரையிலிருந்து முழங்கால் வரைகூடத் தூக்க முடியவில்லை. இதைக் கொண்டு போனால் டைப்பிஸ்ட் என்று யார் நம்புவார்கள், கொல்லன் பட்டறைக்கு வழி காட்டுவார்கள் என்றேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து மூடியைக் கவிழ்த்துவிட்டார். இனிமேல் தொடாதே, நோகாமல் இருக்கட்டும் என்றார். நான் பழக வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. மேஜை ஓரத்தில் விரலால் தட்டிப் பழகினேன். அந்த இரண்டு நாளும் வெளியே மழை விடவே இல்லை. கூரை ஒழுகி வீட்டுக்குள்ளும் சொட்டியது.

பரீட்சை நாள் காலையில் ஒரு பெரிய சண்டை. நீலப் பெட்டியின் பிடியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தேன். அதிலேயே கொண்டுபோகலாம் என்றேன். அவர் படாக் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் நடந்தார். படகில் உட்கார இடமில்லை. பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் என்னை உட்காரச் சொன்னார். காலடியில் தண்ணீர் தளும்பியது. அலை தெறித்துப் பெட்டி முழுக்க நனைந்தது. நனைந்தால் என்ன, உள்ளே சொட்டு போகாது என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்கே சொல்லிக்கொள்கிறார் என்று புரிந்தது.

பரீட்சைக் கூடத்தில் எல்லோரும் பெட்டிகளைத் திறந்து, காகிதம் செருகி, ரிப்பனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறப் பெட்டி, பச்சைப் பெட்டி, ஒருவரிடம் என்னுடையதைப்போலவே ஒரு நீலப் பெட்டி. என் கணவர் எங்கள் பெட்டியை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். கொக்கிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். வரவில்லை. மறுபடி தூக்கினேன். மூடியோடு அடிப்பலகையும் சேர்ந்து வந்தது. மரம் ஊதிப்போய்ப் பள்ளத்துக்குள் இறுகிக்கொண்டிருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மேற்பார்வைக்கு வந்தவர் இந்தியில், ஜல்தி ஆகட்டும், நேரம் கூட்டித் தர முடியாது என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம். உள்ளே மெஷின் பத்திரமாக இருக்கிறது, யாரும் தொட முடியாத பத்திரம். அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம் கண்முன் வந்து நின்றது.

அப்போதுதான் அந்த நினைப்பும் வந்தது. நான் தேறக் கூடாது என்று இவர் மனதில் எங்கேயோ இருந்திருக்குமோ? அவருக்கு வேலை போய் எனக்கு வேலை நிலைத்தால் ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் முன்பே மூடியது, பழகவிடாமல் தடுத்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

அவர் மழையில் ஓடி, வாசலில் இளநீர் விற்றவரின் அரிவாளை வாங்கி வந்தார். பெட்டிக்கு முன் மண்டியிட்டு ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“என்னால முடியலை. உள்ள மெஷின்ல பட்டுட்டா?” என்றார்.

கூடத்துக்குள் மணி அடித்தது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு வேகம். அரிவாளைப் பிடுங்கினேன். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தாடையால் ஒரு மூலையைக் காட்டினார்.

“அங்க போடு. அந்த இடம் காலி. விரல்கடை இருக்கும்.”

அங்கேயே போட்டேன். சிவப்புச் சில்லு தெறித்தது. மறுபடி போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையை எடுக்கவில்லை. மூலை பிளந்தது. அவர் பிளவில் விரல்களை விட்டு நெம்ப, மூடி முனகிக்கொண்டு கழன்றது. மெஷினில் ஒரு கீறல் இல்லை. அடிப்பலகையோடு தூக்கிப்போய் மேஜையில் வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

எவ்வளவு நேரம் போனது என்று பார்க்கவே பயமாக இருந்தது. எழுத்துகளுக்கு நடுவே கிடந்த மரத்தூளை ஊதிவிட்டுத் தட்டத் தொடங்கினேன். மற்றவர்களின் மெஷின் வரிக்கு வரி மேஜையில் நகர, பிடித்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடையது அந்தக் கனத்த பலகையில் அம்மிபோல அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. முடித்துக் கொடுத்தபோது காகிதத்தின் ஓரமெல்லாம் பெயர்ந்த நகத்தின் ரத்தம் பட்டுச் சிவந்திருந்தது. அதற்கு மார்க் குறைப்பார்களோ என்று வேறு கவலை.

ரிசல்ட் வர வெகுநாள் ஆனது. தேறியிருந்தேன், கடைசிக்குச் சற்று முன்னால். அதற்குள் காண்டிராக்ட் முடிந்து அவர் வீட்டில் இருந்தார். ரிசல்டுக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் ஜன்னலடியில் உட்கார்ந்து அவர் புது மூடி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். இம்முறை பள்ளம் இல்லை, ட்யூப் இல்லை. மூடிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழைந்தது.

“உப்புக் காத்து போகுமே” என்றேன்.

“போனா போகட்டும், தினம் நான் துடைச்சு வைக்கிறேன். நீ நெனச்ச நேரம் வெளிய எடுக்கணும்ல” என்றார். பிறகு, திறந்து பார் என்று என் பக்கம் தள்ளினார்.

ஒரு கையால் திறந்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். வராந்தாவில் தோன்றிய சந்தேகத்தை அவரிடம் நான் கேட்கவே இல்லை.