நான் நிற்கச் சொல்லி ஜெபித்த மழை

சென்ற ஆண்டு ஐப்பசியில், எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று, என் ஆய்வுக்காக வளர்த்த புடலங்கொடிகளில் ஒரு காய்கூட மிச்சமில்லாமல் போயிற்று. யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் அந்த நாட்களில் என்னை நடத்திய விதத்தை, என்னைப்போல் கையற்று நிற்கிற யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

கருங்கல் பக்கம் எங்கள் ஊர். நான் முதுகலைத் தாவரவியலில் கடைசி ஆண்டில் இருந்தேன். ஊர்க் குளத்தை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை மக்கவைத்தால், கடையில் வாங்கும் உரத்துக்கு அது ஈடாகுமா என்பதே என் ஆய்வு. வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பாத்தி போட்டேன். நான்கில் அந்த மக்கு உரம், நான்கில் கடை உரம். பாத்திவாரியாகக் காய் பறிக்க வேண்டும், எடை போட வேண்டும், உலர்த்திப் பொடித்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். காய் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லையென்றால் அந்த ஆண்டு பட்டமும் இல்லை.

எங்கள் சபையில் பண்டிகை நாளன்று அவரவர் நிலத்தின் முதல் பலனைப் பீடத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியில் வைத்து ஏலம் விடுவார்கள். முதல் காயை எங்கள் வீட்டில் யாரும் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. அது கேட்க வேண்டிய காரியமே அல்ல.

நான் பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பவனியில் அப்பா வந்தார். இரண்டு கைகளிலும் புடலங்காய். எண் எழுதி நான் கட்டியிருந்த அட்டைகளை அறுத்துவிட்டு, காய்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். சின்னதை விட்டுவைத்தால் குறையாகுமென்று பிஞ்சையும் பறித்திருந்தார். பாட்டை நிறுத்த முடியாது. பாடினேன். மதியத்துக்குள் அவை பல வீட்டு அடுப்புகளில் வெந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து நான் அழுதபோதுதான் அந்தக் காய்களே என் ஆய்வுக்கு வேண்டியவை என்று அப்பாவுக்குப் புரிந்தது. கருங்கல் சந்தையில் கடை வைத்திருப்பவர். எதற்கும் எளிதில் கலங்காதவர். அன்று நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்தார்.

“ஒனக்க படிப்பு நல்லபடியா முடியட்டும்னு சொல்லியாக்கும் மக்கா குடுத்தேன்” என்றார்.



என்னோடு படிக்கும் தோழிக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஏட்டி, ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேட்டு கேஸ் போடப் போறியா?” என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ஆனால் அன்று மாலை முழங்கால்படியிட்டபோது அதுவே என் வாயை அடைத்தது. அவருக்குக் கொடுத்ததை அவரிடமே எப்படிக் கேட்பது?

வழிகாட்டிப் பேராசிரியை நிதானமாகப் பேசினார். அதே கொடிகளில் அடுத்து வரும் காய்களை எடுத்துக்கொள்ளலாம். அதை ஆய்வேட்டில் சொல்லிவிட வேண்டும். சமர்ப்பிக்கும் தேதியை மட்டும் தன்னால் மாற்ற முடியாது என்றார்.

கொடிகள் மறுபடி மொட்டுவிட்டன. அப்போதுதான் மழை பிடித்தது. புடலம்பூ அந்தியில் விரியும், வெள்ளை நூல் பிரிந்தாற்போல. விரிந்த பூவெல்லாம் நனைந்து, பிஞ்சு பிடிக்காமல் அழுகி விழுந்தது. மழை நிற்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். நிற்கவில்லை. அப்பா பந்தல்மேல் தார்ப்பாய் கட்டினார். காற்று பிய்த்துப் போட்டது. பிறகு அவரே குடையைப் பிடித்துக்கொண்டு பூக்களுக்கு அருகில் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கொடிக்குச் சளி பிடிச்சிரும்னா குடை பிடிக்கிய?” என்று கேட்டார். அப்பா நனைந்துகொண்டே நின்றார்.

அவரை அப்படிப் பார்த்த அன்று என் ஜெபம் தீர்ந்துவிட்டது. “ஆண்டவரே, என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சமாதானமெல்லாம் வரவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

மழை மேலும் வலுத்தது. சாலைகளில் தண்ணீர் ஏறியது. பேருந்து நின்றது. தோழிதான் கூப்பிட்டாள். “ஏட்டி, பரீட்சையும் தள்ளி வச்சாச்சு, பிராஜெக்ட் தேதியும் தள்ளி வச்சாச்சு. மழையாம்.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எதை நிறுத்தும்படி கெஞ்சினேனோ, அதுவே எனக்கு நாட்களை வாங்கித் தந்திருந்தது. பூதப்பாண்டிப் பக்கம் வயல்கள் மூழ்கிக் கிடந்த மழை அது. அது எனக்காகப் பெய்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த மழைக்குள்ளும் அவர் என்னை மறக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

பிறகு வெயில் வந்தது. பூக்கள் விரிந்தன. ஏழு பாத்திகளில் காய் பிடித்தது. ஒன்றில் கடைசிவரை பிடிக்கவே இல்லை. அதையும் உள்ளபடியே எழுதினேன். இந்த முறை காய்களை அப்பாதான் தராசில் வைத்தார். ஒவ்வொன்றையும் வைக்குமுன் என் முகத்தைப் பார்த்தார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முதல் அறுவடைக் கணக்கு எங்கே என்று கேட்டார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அங்கே ஒரே வரி: ‘முதல் அறுவடை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது.’ அவர் அதை இரண்டு முறை வாசித்தார். அடுத்த கேள்விக்குப் போனார். தேர்ச்சி பெற்றேன்.

முன்பெல்லாம் தேவைகளை வரிசைப்படுத்தி, எது எப்போது வேண்டும் என்றும் சேர்த்தே ஜெபிப்பேன். இப்போதும் கேட்கிறேன், வழியை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாக எல்லாம் நடக்கிறதா? ஜெபிக்க வார்த்தைகூட இல்லையா? எழுந்து போய்விடாதீர்கள். வார்த்தையில்லாமலே அவர் சமுகத்தில் இருங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்; அவர் என்னைக் கைவிடவில்லை.