ஓடியது நான், தலைகுனிந்தது அவள்

போன வருஷம், கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். காஞ்சிபுரத்தில் சொந்தத் தறி வைத்து நெய்பவன் நான். இதயத்தில் ஒரு ரத்தக்குழாய் முழுதாக அடைத்துவிட்டது என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மெல்லிய கம்பி விட்டுத் திறக்கப் பார்த்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் நினைவு இருந்தது. "போகலை... இன்னும் போகலை" என்று டாக்டர் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில், "இன்னைக்கு இதுக்கு மேல வேணாம், இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தேன். காலையில் மருந்து ஏற்றக் கையில் ஊசியைக் குத்தி பிளாஸ்திரி ஒட்டியதுமே பயம் பிடித்துக்கொண்டது. மனைவியிடம் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு, கையைத் துண்டால் மூடிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டேன். தெருவில் வாய்ச்சவடால் விடுகிற ஆள் நான், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தறியில் பாதியில் நின்ற முகூர்த்தச் சேலையை முடிக்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். அது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலை. உடலுக்கு நான் இழை ஓட்டும் நாடாவைப் போட்டால், கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும். என் தறியில் அது என் மனைவிதான். அவளோ ஆஸ்பத்திரியில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓர் இழைகூட ஓட்ட முடியாமல் மடையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஊசியோடவா பஸ்ல வந்தீங்க? வாங்க, இங்க ஆஸ்பத்திரில எடுத்துடலாம்" என்றாள். போகிற வழியில், "எனக்குத்தான் பயமா இருக்குது, நான்தான் அவர வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரச் சொன்னாரு. நீங்க எதுவும் உளறி வைக்காதீங்க" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "உங்க பயத்துக்கு அவர் உயிரோட விளையாடுவீங்களா?" நர்ஸுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார்" என்றாள். பக்கத்தில் நான் குத்துக்கல் மாதிரி நின்றேன். ஓடிப்போனது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

அன்றைக்கு அடைப்பு திறந்துவிட்டது. இப்போது பழையபடி நெய்கிறேன். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அவளைப் பார்த்து, "என்னம்மா, பயம் போச்சா?" என்று கேலி செய்வார். அவள் சிரிப்பாள். கூடச் சேர்ந்து நானும் சிரித்துவைக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தில் விழிக்க எனக்கே பிடிக்கவில்லை.